வளைக்கு வெளியே நீட்டிய கை

அந்தக் காலத்தில், கடலுக்கும் மரத்துக்கும் மீனுக்கும் பேச்சு வந்துகொண்டிருந்த காலத்தில், நண்டுக்கு இரண்டு கைகளும் ஒரே அளவாகத்தான் இருந்தன. கொடுக்கு என்று சொல்வதுதான் முறை. ஆனால் பிடிக்கவும் ஊட்டவும் கதவைத் தட்டவும் அதையே வைத்துக்கொண்டு பிழைக்கிற பிராணியிடம் போய்க் கொடுக்கு என்றால், தன்னைத் தேளோடு சேர்த்துவிட்டதாக அது வருத்தப்படும். கை என்றே வைத்துக்கொள்வோம்.

ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு சேற்றுவெளி இருந்தது. அதன் ஒரு பக்கம் கடல். மறுபக்கம், வேர்களைச் சேற்றில் ஊன்றி நின்ற ஒரு கண்டல் மரம். இரண்டுக்கும் நடுவே வளை தோண்டி, அலவன் என்ற நண்டும் அவன் மனைவி அடும்பியும் குடியிருந்தார்கள். அலவன் என்றாலே பழைய தமிழில் நண்டுதான். நண்டுக்கு நண்டு என்று பெயர் வைத்தவர்கள் அதற்காக அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள்.

கடலுக்குத் தெரிந்தது ஒரே சொல்: வேணும். கண்டலுக்குத் தெரிந்ததும் ஒரே சொல்: கூடாது. கடல் பேசினால் குழந்தை தரையில் புரண்டு அடம்பிடிப்பதுபோல இருக்கும். கண்டல் பேசினால் கல்வெட்டு வாசிப்பதுபோல இருக்கும். அதற்குப் பேச்சுத் தமிழே வராது.

"அந்தச் சேறு எனக்கு வேணும். இப்பவே வேணும்," என்று கடல் பாயும்.

"கூடாது. நிலம் நிலமாகவே இருத்தல் வேண்டும்," என்று கண்டல் வேரை அகட்டும்.

கடல் ஜெயித்த நாட்களில் சேற்றுவாசிகள் எல்லாரும் மூழ்கினார்கள். கண்டல் ஜெயித்த நாட்களில் சேறு பாளம் பாளமாக வெடித்து, எல்லாரும் காய்ந்தார்கள். ஒருநாள் இரண்டும் முட்டிக்கொண்ட இடம் அலவனின் வளைக்கு நேர் மேலே. அவன் வீரன் இல்லை. வீடு இடிகிறதே என்றுதான் வெளியே வந்தான். கால்நுனியில் எழும்பி, ஒரு கையைக் கடலுக்கும் ஒரு கையைக் கண்டலுக்கும் காட்டினான்.

"கடலம்மா, நீ வரலாம். தங்கக் கூடாது," என்றான். "கண்டலய்யா, அது வரட்டும். உங்க வேரும் கொஞ்சம் நனையட்டும். போயிடும்."

கடலுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே அதுவரை தெரியாது. "போனா மறுபடி வரலாமா?" என்று கேட்டது.

"வரலாம்."

"எப்போ?"

"அதை நிலாவைக் கேட்டுக்கோ."

கண்டல் நெடுநேரம் யோசித்தது. "திரும்பிச் செல்லுதல் உறுதியெனில், ஆட்சேபம் இல்லை," என்றது.

அப்படித்தான் ஓதம் ஏற்பட்டது. கடல் ஏறும், வற்றும், மறுபடி ஏறும். சேறு மூழ்கவும் இல்லை, காயவும் இல்லை.

மனத்தை ஆராய்கிறவர்கள் ஒன்று சொல்வார்கள். நமக்குள் 'வேணும்' என்று ஒரு கடல் இருக்கிறதாம். 'கூடாது' என்று ஒரு மரம் இருக்கிறதாம். நடுவே நின்றுகொண்டு, 'சரி, இப்படிச் செய்வோமா' என்று இரண்டையும் சமாளிக்கிற ஒருவன் இருக்கிறானாம். அவனுக்கு அவர்கள் வைத்த பெயர் ஈகோ. அவன் பெருமைக்காரன் இல்லை, ஓய்வில்லாத வேலைக்காரன். அதே சொல்லைத் தெருவில் கேட்டால் சங்கதி வேறு. 'அவனுக்கு ஈகோ ஜாஸ்தி' என்றால், அவன் யாரையும் சமாளிக்கிறான் என்று அர்த்தம் இல்லை. அவனை யாராலும் சமாளிக்க முடியவில்லை என்று அர்த்தம். இவர்கள் இரண்டு பேரா, ஒரே ஆளின் இரண்டு பருவமா என்பதை அறிஞர்கள் தீர்க்கட்டும். அலவன் அன்றைக்கு முதல் வகை.

நண்டுகளுக்கு அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கடல் ஏறும் நேரம் வளையின் வாயை ஈரச்சேற்று உருண்டையால் அடைத்துக்கொள்வார்கள். அதுதான் கதவு. அடைத்தபின் உள்ளே குரல் போகாது, சேறு விழுங்கிவிடும். தட்டினால் மட்டும் கேட்கும். ஆகவே வெளியே போனவர் திரும்பி வந்ததும் ஒரு கையால் ஒரு தட்டு, மறுகையால் ஒரு தட்டு. தட், தட். இரண்டும் ஒரே கனம். அதைக் கேட்டால்தான் உள்ளே இருப்பவர் திறப்பார். ஒரு கையாலேயே தட்டினால் வழிப்போக்கன். கனத்துத் தட்டினால் கொக்கு.

அலவன் தட்டினால் அடும்பி உடனே திறந்துவிட மாட்டாள். உள்ளிருந்து அவளும் அதே மாதிரி தட், தட் என்று பதில் சொல்வாள். அவன் மறுபடி தட்டுவான். கடல் முதுகை நனைக்கும்வரை இந்த விளையாட்டு நடக்கும்.

"ஒருநாள் நான் கடலோட அடிச்சிக்கிட்டுப் போகப்போறேன்," என்பான் அவன், நனைந்துகொண்டே உள்ளே வந்து.

"போங்களேன். தட்டு மட்டும் இங்கேதான் இருக்கும்," என்பாள் அவள்.

வேலை நன்றாக நடந்தது. நன்றாக நடக்கிற வேலைக்கு ஒரு கெடுதல் உண்டு. அதை நாலு பேர் பாராட்டுவார்கள். சேற்றில் தத்தித் திரிகிற உளுவை மீன்தான் முதலில் ஆரம்பித்தது.

"நடுவர் அண்ணே, உங்க கை மட்டும் இல்லேன்னா நாங்கெல்லாம் என்ன ஆகியிருப்போம்," என்றது.

"கை என்ன பெரிய கை," என்றான் அலவன். அன்று வளைக்குத் திரும்பும்போது அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடிதான் நடந்தான்.

வரவர வீட்டுக்குள் பேசும்போதும் ஒரு கை மேலே போக ஆரம்பித்தது. எந்தப் பக்கம் படுப்பது என்பதற்குக்கூட இரு தரப்பு நியாயத்தையும் எடுத்துச் சொன்னான்.

"இங்கே கடலும் இல்லை, கண்டலும் இல்லை. கையை இறக்குங்க, கண்ணில் குத்துது," என்றாள் அடும்பி.

அவன் இறக்கினான். அவள் சொன்னால் அப்போதெல்லாம் இறங்கியது.

பிறகு அவன் ஓடு கழற்றும் பருவம் வந்தது. நண்டு பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு வெளிவரும்போது உடம்பு கொழுக்கட்டை மாவாக இருக்கும். புது ஓடு இறுகும்வரை வளையைவிட்டு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. அந்த நேரத்தில் வீட்டில் இன்னொருவர் எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே பிடியில் இறுகினால்தான் இரண்டும் ஒரே அளவாக இறுகும். அதற்குக் கைப்பிடி என்றே பெயர். போன தடவை அடும்பிக்கு அலவன் பிடித்தான். இந்தத் தடவை அலவனுக்கு அடும்பி.

இருட்டில், ஈரத்தில், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் பிடியில் அவன் கைகள் குளிர்ந்து, மெல்ல மெல்லக் கெட்டியாகிக்கொண்டிருந்தன. பேசுவதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் தேவையாகவும் இல்லை. பின்னால் அலவன் எதையெல்லாமோ மறந்தான், இதை மறக்கவில்லை.

கடல் வற்றிய நேரத்தில் அடும்பி காற்றுக்காகக் கதவைக் காலால் கொஞ்சம் விலக்கிவைத்தாள். அந்த இடுக்கில் உளுவை வாயை வைத்தது.

"அண்ணே, சுகமா? ஒரு நல்ல சேதி சொல்லத்தான் வந்தேன்."

"என்ன, சண்டையா? நான் இல்லாம ரெண்டும் அடிச்சிக்குதா?" என்றான் அலவன். குரலில் கவலைதான் இருந்தது. கவலைக்குள் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

"அதெல்லாம் இல்லை. கடல் தானா வந்துச்சு, தானா போச்சு. கண்டலய்யா ஒரு வார்த்தை பேசலை. நீங்க நிம்மதியாப் படுங்க."

உளுவை தத்திப் போய்விட்டது. வளைக்குள் அமைதி. ஆனால் அது முன்பிருந்த அமைதி இல்லை.

"நான் இல்லாமலா?" என்றான் அலவன்.

"நல்லதுதானே. அவ்வளவு பதமாப் பழக்கி வச்சிருக்கீங்க," என்றாள் அடும்பி.

"மறந்திருப்பாங்க."

"எதை?"

அவன் பதில் சொல்லவில்லை. 'என்னை' என்று சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள், அவனும் சிரித்திருப்பான், இந்தக் கதையே இருந்திருக்காது. உலகத்தில் பல கதைகள் ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் தொடங்குகின்றன.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு கையை மட்டும் வெளியே நீட்டிக் காட்டிட்டு எடுத்துடறேன்," என்றான். "இருக்கேன்னு தெரிஞ்சா போதும்."

"இறுகலை இன்னும்."

"ஒரு கைதானே. இன்னொண்ணு உன்கிட்டயே இருக்கட்டும்."

அவள் ஒரு கையை விட்டாள். மனமில்லாமல்தான் விட்டாள். மற்றதை முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அலவன் அந்தக் கையைக் கதவிடுக்கு வழியாக வெளியே நீட்டினான். உடம்பு உள்ளே, கை மட்டும் வெயிலில். சேற்றுவெளி முழுக்க ஒரு சலசலப்பு.

"அதோ, நடுவர் கை!" என்று உளுவை துள்ளியது.

எங்கிருந்தோ, "உடம்புக்கு முடியாதப்போகூட நம்மள விடலை பாரு," என்று ஒரு குரல்.

கடல் தூரத்தில் நின்றபடி, "அலவா, உன்னைக் காணோமேன்னு இருந்துச்சு," என்றது. கண்டல்கூட, "கடமை உணர்வு போற்றத்தக்கது," என்றது.

அலவனுக்கு இவர்கள் யார் முகமும் தெரியவில்லை. குரல்கள் மட்டும் கேட்டன. இன்னும் ஒரே ஒரு குரல், பிறகு எடுத்துவிடலாம் என்றிருந்தான். இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகும் ஒன்று வந்தது. வெயில் கையை உப்பவைத்தது. உப்புக் காற்று இறுக்கியது. பிடித்து அளவு பார்க்க யாரும் இல்லாததால் அந்தக் கை தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. உள்ளே, அடும்பியின் பிடியில், மற்றக் கை முன்பிருந்த அளவிலேயே இறுகி முடிந்தது.

"போதும், எடுங்க," என்றாள் அவள்.

இழுத்தான். வரவில்லை. அவளும் சேர்ந்து இழுத்தாள். கை வளையின் வாயில் முட்டி நின்றது. உள்ளே இருந்த உடம்பைவிட வெளியே இருந்த கை பெரிதாகிவிட்டது.

"வாசலை அகலமாக்கு," என்றான்.

"அகலமாக்கினா உருண்டை நிக்காது. ஓதம் உள்ளே வந்துடும்."

தூரத்தில் கடல் புரளத் தொடங்கிய சத்தம் சேற்றின் வழியே வந்தது. கை வாசலில் இருக்கும்வரை கதவை அடைக்க முடியாது. இருவருக்குமே அது தெரிந்தது.

"கையை விட்டுடுங்க," என்றாள் அடும்பி. "நண்டுக்குக் கை போனா முளைக்கும். முளைக்கும்போது நான் பிடிச்சுக்கறேன். பழைய அளவுக்கே வந்துடும்."

உண்மைதான். ஆபத்து வந்தால் நண்டு தன் கையைத் தானே கழற்றிப் போட்டுவிடும். பல்லி வாலை விடுவதுபோல. வலிகூட அதிகம் இருக்காது. அலவன் தோளை அசைத்துப் பார்த்தான். ஒரு சொடுக்கு, அவ்வளவுதான் வேலை.

அப்போது வெளியே கடல் கேட்டது: "அலவா, வரலாமா?"

அந்த முதல் நாளுக்குப் பிறகு கடல் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. சேற்றுவெளி முழுவதும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பதை அவன் பார்க்காமலே உணர்ந்தான்.

"இந்த ஓதம் மட்டும்," என்றான். "இதை அனுப்பிட்டு வந்து கழற்றிடறேன். நீ கதவை அடைச்சுக்கோ."

அவன் வளையிலிருந்து வெளியேறியபோது அவனுடைய சின்னக் கைதான் கடைசியாக வெளியே வந்தது. அதை அவள் நுனிவரை பிடித்திருந்தாள். பிறகு விட்டாள். உருண்டை வந்து வாசலை மூடியது.

அலவன் பெரிய கையை உயர்த்தினான். கடல் வந்தது. அவன் கை அசைத்ததால் வந்தது என்று அவன் நினைத்தான். அவனைத் தூக்கிப் புரட்டிக் கண்டலின் வேரடியில் கொண்டுபோய் எறிந்தபோதும் அப்படியேதான் நினைத்தான். பிறகு கடல் வற்றியது. அதுவும் தன் கைக்குக் கட்டுப்பட்டுத்தான் என்று நினைத்துக்கொண்டு, பெருமையாக, கொஞ்சம் நொண்டி நொண்டி, வீட்டுக்குத் திரும்பினான்.

சேறு கழுவி மெழுகியதுபோல் கிடந்தது. அடையாளம் ஒன்றும் இல்லை. குனிந்து குனிந்து தேடி, காற்றுக்குமிழி ஒன்று எழுந்து உடைந்த இடத்தைக் கண்டுபிடித்தான். அதுதான் வாசல். அவள் உள்ளே இருக்கிறாள்.

தட்டினான். சின்னக் கையால் ஒன்று: தட். பெரிய கையால் ஒன்று: தொம்.

அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது. உள்ளிருந்து பதில் இல்லை. பெரிய கையை எவ்வளவு மெதுவாக இறக்கினாலும் தொம் என்றுதான் விழுந்தது. சரி, அது வேண்டாம் என்று சின்னக் கையாலேயே இரண்டு முறை தட்டினான். அது வழிப்போக்கன் தட்டு. அடும்பி விவரமானவள், வழிப்போக்கனுக்குத் திறக்க மாட்டாள்.

"அடும்பி, நான்தான்," என்று கத்தினான். சேறு அந்தச் சொல்லை விழுங்கிவிட்டது.

பொறுமையிழந்து மறுபடி பெரிய கையை இறக்கினான். கதவு நொறுங்கியது. உள்ளே, ஆழத்தில், யாரோ அவசரமாகத் தோண்டிக்கொண்டு தூரம் தூரமாகப் போகும் சத்தம் கேட்டது. கொக்கு வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். அந்தச் சத்தம் நிற்கும்வரை அவன் அசையாமல் நின்றான். அவனுக்குத் தெரிந்த கைகள்தான் அப்படித் தோண்டின.

பிறகு வந்த நாட்களில் சேற்றுவெளியில் மூடியிருந்த ஒவ்வொரு வாசலையும் தட்டிப் பார்த்தான். தட், தொம். எங்கும் பதில் இல்லை. உளுவைக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

"அண்ணே, அந்தக் கையைக் கழற்றிட்டா என்ன? சின்னதா ஒண்ணு முளைக்கும். பழைய தட்டு வந்துடும். அண்ணி எங்கே இருந்தாலும் திறந்துடுவாங்க."

அலவன் சின்னக் கையைப் பார்த்தான். பெரிய கையைப் பார்த்தான்.

"நான் கையை இறக்கிட்டா, கடல் எங்கே நிக்கும்?" என்றான்.

"நீங்க ஓடு கழற்றி உள்ளே இருந்தப்போ எங்கே நின்னுச்சோ, அங்கேதான்."

அலவன் அதைக் கேட்காததுபோல் கடலைப் பார்த்தான். "நாளைக்குக் கழற்றிடலாம்," என்றான். நாளைக்கும் அதையேதான் சொன்னான்.

பெரிய கை சாப்பிடவும் உதவவில்லை. சேற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதெல்லாம் சின்னக் கைதான். மற்ற நண்டுகள் இரண்டு கையாலும் தின்று முடித்துவிட்டு ஊர்வம்பு பேசும் நேரத்திலும், அவன் ஒற்றைக் கையால் தின்றுகொண்டிருந்தான். அந்தக் கை சேற்றைத் தொடும்போதெல்லாம், எதையோ தேடுவதுபோல ஒரு கணம் அங்கேயே நிற்கும். கடலோர நிலத்துக்கு இரங்கல்தான் உரிய உணர்வு என்று பழந்தமிழர் வகுத்துவைத்தார்கள். அவர்கள் சேற்றில் இறங்கி இதைப் பார்த்திருக்கக்கூடும்.

தனக்கென்று அகலமாக ஒரு வளை தோண்டிக்கொண்டான். அதற்கு உருண்டை சரியாக நிற்கவில்லை. எப்போதும் கொஞ்சம் ஒழுகியது. கடல் வற்றும்போதெல்லாம் அதன் வாசலில் நின்றான். தட்டித்தான் கூப்பிட முடியவில்லை. தூக்கிக் காட்டியாவது கூப்பிடலாமே என்று பெரிய கையை உயர்த்தி, தன் பக்கமாக வளைத்து, இறக்கினான். வா. மறுபடி உயர்த்தினான். வா.

ஒரு பகல், கடல் வற்றி வெகுநேரம் ஆனபின், ஒரு பெண் நண்டு அந்தப் பக்கம் வந்தாள். கண்டலின் நிழலிலிருந்து மெல்ல நடந்து வந்தாள். பெரிய கையை அவள் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. நேரே வாசலோரம் வந்து நின்று, தன் இரண்டு கைகளால் சேற்றைத் தட்டினாள்.

தட், தட்.

இரண்டும் ஒரே கனம். அந்தத் தட்டை அவன் தூக்கத்திலும் அடையாளம் காண்பான். அவள் காத்திருந்தாள். பதில் சொல்ல வேண்டியது அவன்.

சின்னக் கையை இறக்கினான். தட்.

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

இன்னும் ஒன்றுதான் வேண்டும். ஒரே ஒரு மெல்லிய தட்டு. இப்போதாவது கழற்றிவிடலாமா என்று தோளைச் சொடுக்கப் போனான். அதே நேரம் கடல் தூரத்திலிருந்து, "அலவா, வரலாமா?" என்றது. தோள் நின்றுவிட்டது. சொடுக்குவதற்குப் பதிலாகப் பெரிய கையை, தன்னால் முடிந்தவரை மெதுவாக, சேற்றின்மேல் வைத்தான்.

வாசல் விளிம்பு பொலபொலவென்று சரிந்தது.

அவள் அந்தச் சரிந்த சேற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனுடைய சின்னக் கையின் நுனியைத் தன் கையால் ஒருமுறை தொட்டாள். திரும்பி நடந்தாள்.

அலவன் அவசரமாகப் பெரிய கையைத் தூக்கினான். வா என்றுதான் தூக்கினான். ஆனால் 'நில், இதற்குமேல் வராதே' என்று கடலை மறிக்கவும் அவன் தூக்கியது இதே கையைத்தான், இதே உயரத்துக்குத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கை உயர்ந்து நிற்பதைக் கண்டு, கொஞ்சம் வேகமாக நடந்து கண்டலின் வேர்களுக்குள் போய்விட்டாள். கடல் ஏறி வந்து அவள் தடத்தை அழித்தது.

அதற்குப் பிறகு அந்தச் சேற்றில் பிறந்த ஆண்களுக்கெல்லாம் அலவனின் கை சொத்தாக வந்தது. பெண்களுக்கு அடும்பியின் இரண்டு கைகள். எல்லாப் பெண்களும் திரும்பிப் போய்விடுவதில்லை. போயிருந்தால் இன்றைக்கு அந்த நண்டினமே இருந்திருக்காது. ஆனாலும் கடலிடம் அலவன் போட்ட ஒப்பந்தம்தான் பெரும்பாலும் அவர்களுக்கும் பொருந்துகிறது: வரலாம், தங்குவதில்லை.

அன்று முதல்தான், கழிமுகத்துச் சேற்றில் கடல் வற்றும்போதெல்லாம், ஆண் நண்டு தன் வளை வாசலில் நின்று, சோற்றுக்கு உதவாத அந்த ஒரு கையை உயர்த்தி உயர்த்தி அழைத்துக்கொண்டே இருக்கிறது. அவள் பிடித்திருந்த கையோ சிறிதாகவே நின்றுவிட்டது.